ஃபைல் வந்தது, தேதி எங்கே? கணினி விட்டுக் கணினி மாறும்போது ஃபைல் விவரங்களைக் காப்பாற்ற முழு வழிகாட்டி

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் ஸ்டூடியோ வைத்திருப்பவர் ஆகட்டும், மண்ணடியில் கப்பல் சரக்கு கிளியரிங் ஆபீஸ் நடத்துபவர் ஆகட்டும், பழைய கம்ப்யூட்டரிலிருந்து புதியதற்கு மாறிய கையோடு எனக்கு வருகிற ஃபோன் ஒரே ரகம்தான். "அண்ணே, ஃபைல் எல்லாம் வந்துடுச்சு. ஆனா எதைப் பார்த்தாலும் இன்னைக்குத் தேதிதான் காட்டுது." ஃபைலுக்கு உள்ளே இருப்பதில் ஒரு எழுத்துகூடக் குறைந்திருக்காது. போனதெல்லாம் அதைச் சுற்றியிருந்த விவரங்கள்: எப்போது உருவானது, கடைசியாக எப்போது திருத்தினார்கள், யாருடையது, யார் திறக்கலாம், மறைத்து வைத்ததா இல்லையா.

இதைச் சின்ன விஷயம் என்று விட முடியாது. தேதி வாரியாக அடுக்கித் தேடிப் பழகிய ஆபீஸில் 2019ஆம் வருஷத்து பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சரக்குக்கான சுங்க ஆவணம்) ஸ்கேனும் நேற்றைய ஸ்கேனும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். பேக்கப் மென்பொருள்கள் பெரும்பாலும் அளவையும் தேதியையும் பார்த்துத்தான் எது மாறியது என்று முடிவு செய்கின்றன. தேதி போய்விட்டால் ஒன்றுமே மாறாத ஒரு டெராபைட்டை மறுபடி முதலிலிருந்து காப்பி செய்ய ஆரம்பிக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது படகையும் வலையையும் ஃபோனில் படம் எடுத்து வைத்தவர்களுக்குப் படம் எவ்வளவு முக்கியமோ, எடுத்த தேதியும் அவ்வளவு முக்கியம்.

பலர் காப்பி கட்டளையைத்தான் குறை சொல்கிறார்கள். என் அனுபவத்தில் குற்றவாளி நடுவில் வருகிற டிஸ்க்: பென்டிரைவ், மெமரி கார்டு, ஆன்லைன் டிரைவ். அந்த இடைவழி எதைத் தாங்கும் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

கட்டளைகளை ஃபோனில் சொல்வது மாதிரி எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன். சுவிட்ச் என்றால் கட்டளைக்குப் பின்னால் சேர்க்கும் தேர்வு. லினக்ஸிலும் மேக்கிலும் ஓரெழுத்துச் சுவிட்சுக்கு முன்னால் ஒரு சிறு கோடு, முழுச் சொல்லாக வந்தால் இரண்டு சிறு கோடு. விண்டோஸில் சாய்கோடு; பவர்ஷெல் கட்டளைகளுக்கு மட்டும் ஒரு சிறு கோடு.

படி 1: எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லா விவரத்தையும் எல்லா சிஸ்டமும் தாங்காது. அதனால் பட்டியல் போடாமல் வேலையில் இறங்காதீர்கள்.

தேதியிலேயே வகை உண்டு. திருத்திய தேதி எங்கும் உண்டு, எடுத்துப் போவதும் சுலபம். உருவான தேதிதான் தகராறு. விண்டோஸும் மேக்கும் அதைப் பதிந்து வைக்கும், நாம் வேண்டிய தேதியை எழுதவும் விடும். லினக்ஸில் வழக்கமாக இருக்கும் ஈஎக்ஸ்டி4 வடிவ டிஸ்க் அதைப் பதிந்து வைத்தாலும், நாம் சொல்லும் தேதியை அதில் எழுத வழக்கமான வழி கிடையாது. புது டிஸ்கில் ஃபைல் வந்து இறங்கிய நேரம்தான் அங்கே நிற்கும். கடைசியாகத் திறந்த தேதியை மறந்துவிடுங்கள். காப்பி செய்யப் படிப்பதே அதை மாற்றிவிடலாம்.

விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் காப்பி-பேஸ்ட் செய்தால் திருத்திய தேதி அப்படியே வரும், உருவான தேதி இன்றைக்கு மாறும். பிறப்பதற்கு ஏழு வருஷம் முன்பே திருத்தப்பட்ட ஃபைல்கள் உங்கள் டிஸ்கில் நிறைய இருப்பதற்குக் காரணம் இதுதான். எனவே "தேதி போச்சு" என்று பதறும் முன் எக்ஸ்ப்ளோரரில் நீங்கள் பார்க்கும் நெடுவரிசை எந்தத் தேதியுடையது என்று பாருங்கள். பல சமயம் திருத்திய தேதி பத்திரமாகத்தான் இருக்கும், பார்வையில் வேறு தேதியின் நெடுவரிசை வந்து உட்கார்ந்திருக்கும். ஃபோல்டர்களின் கதை வேறு. உள்ளே ஒரு ஃபைலைப் போட்டாலே ஃபோல்டரின் தேதி மாறும் என்பதால், எல்லா ஃபைலும் வந்து சேர்ந்த பிறகு ஃபோல்டர் தேதியைத் தனியாகத் திருப்பி எழுத வேண்டும். அதைச் செய்யும் கருவிகள் உண்டு, கீழே வருகின்றன.

அடுத்தது கொடிகளும் அனுமதிகளும். விண்டோஸில் ரீட்-ஒன்லி, ஹிடன், சிஸ்டம், ஆர்கைவ் என்று கொடிகள், அவற்றுக்கு மேல் யார் யாருக்கு என்ன உரிமை என்ற பட்டியல். லினக்ஸில் உரிமையாளர், குழு, மற்றவர் என்று மூன்று பேருக்கான அனுமதி எண். 644 என்றால் உரிமையாளர் எழுதலாம், மற்றவர்கள் படிக்க மட்டும். இரண்டுக்கும் நேருக்கு நேர் பொருத்தம் இல்லை. விண்டோஸில் மறைப்பது ஒரு கொடி. லினக்ஸிலும் மேக்கிலும் பெயர் புள்ளியில் தொடங்கினால் மறைவு. அதனால் விண்டோஸ் ஒளித்து வைத்திருந்த 'தம்ப்ஸ் டிபி'யும் 'டெஸ்க்டாப் ஐஎன்ஐ'யும் லினக்ஸில் பளிச்சென்று வந்து நிற்கும். இன்னொன்று கவனியுங்கள்: லினக்ஸில் ஒரு ஃபைலை அழிக்க முடியுமா என்பதை முடிவு செய்வது ஃபைலின் அனுமதி இல்லை, அது இருக்கும் ஃபோல்டரின் அனுமதி. ரீட்-ஒன்லி போட்டிருக்கிறோமே என்று நிம்மதியாக இருக்காதீர்கள்.

என் கருத்து: கடை, ஸ்டூடியோ, சின்ன ஆபீஸ் என்றால் திருத்திய தேதி, ஃபோல்டர் அமைப்பு, சரியான பெயர் மூன்றும் போதும். சர்வர் வைத்திருப்பவர்களுக்கு உரிமையாளரும் அனுமதியும் கட்டாயம். மேக்கில் டிசைன் வேலை செய்பவர்களுக்கு ஃபைண்டரின் வண்ணக் குறிகள் வேண்டியிருக்கும்.

படி 2: கிளம்பும் முன் கணக்கெடுப்பு

பலரும் தாண்டிப் போகிற படி இது. பழைய கம்ப்யூட்டர் கையில் இருக்கும்போதே எல்லா ஃபைலின் பெயர், அளவு, தேதிகள், கொடிகள் எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக எடுத்து வையுங்கள். காப்பியில் எதை இழந்தாலும் இந்தப் பட்டியல் பேசும்.

விண்டோஸில் பவர்ஷெல்லை (கட்டளை டைப் செய்யும் ஜன்னல்) திறந்து 'கெட்-சைல்டுஐட்டம்' கட்டளையை 'ரிகர்ஸ்' சுவிட்சோடு ஓட்டி, முழுப்பெயர், அளவு, உருவான நேரம், திருத்திய நேரம், அட்ரிபியூட் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து, 'எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி'க்கு அனுப்புங்கள். இங்கே ஒரு பள்ளம் உண்டு. விண்டோஸோடு வருகிற பவர்ஷெல் 5.1இல் இந்தக் கட்டளை சும்மா விட்டால் பட்டியலை ஆங்கில எழுத்துகளுக்கு மட்டும் இடமுள்ள ஆஸ்கி முறையில் எழுதும். தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறி வரிசையாகிவிடும். 'என்கோடிங்' என்ற சுவிட்சில், தமிழையும் தாங்கும் யூடிஎஃப்8 என்று கேட்டு வாங்குங்கள். 

லினக்ஸில் 'ஃபைண்ட்' கட்டளையின் 'பிரிண்ட்எஃப்' (முழுச் சொல் என்றாலும் இதற்கு ஒரே சிறு கோடு) மூலம் நேரம், அனுமதி எண், உரிமையாளர் எண், குழு எண், பெயர் எல்லாம் வரும். சிறப்பு அனுமதிகள் இருந்தால் 'கெட்எஃப்ஏசிஎல்' கட்டளையைப் பெரிய ஆர் சுவிட்சோடு ஓட்டி அதையும் ஒரு ஃபைலில் எழுதி வையுங்கள். பின்னால் 'செட்எஃப்ஏசிஎல்'லின் 'ரெஸ்டோர்' சுவிட்ச் அந்த ஃபைலைப் படித்து அனுமதிகளை அப்படியே திருப்பிப் போடும். விண்டோஸில் இதே வேலைக்கு 'ஐகேக்கிள்ஸ்' கட்டளையின் 'சேவ்', 'ரெஸ்டோர்'.

படி 3: நடுவில் நிற்கும் டிஸ்க்கைப் பாருங்கள்

பர்மா பஜாரில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் சின்ன பென்டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 வடிவத்தில் வரும், பெரியவை எக்ஸ்ஃபேட்டில். ஃபேட்32 பழைய டாஸ் காலத்து வாரிசு. நேரத்தை இரண்டு விநாடிக்கு ஒரு தடவைதான் குறிக்கும். 7 மணி 10 நிமிஷம் 15 விநாடி என்பதை அப்படியே எழுத அதற்கு இடமே இல்லை. ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொடக் கூடாது. லினக்ஸ் அனுமதி, உரிமையாளர், சிம்பாலிக் லிங்க் (வேறொரு ஃபைலைச் சுட்டும் குறுக்குவழி) எதற்கும் இடமில்லை. எக்ஸ்ஃபேட்டில் அளவுத் தொல்லை இல்லை, நேரமும் நுணுக்கமாகப் பதியும். ஆனால் உரிமையாளர், அனுமதி விஷயத்தில் அதுவும் கைவிரிக்கும்.

இதைவிடப் பெரிய தலைவலி டைம் ஜோன். விண்டோஸின் என்டிஎஃப்எஸ், லினக்ஸின் ஈஎக்ஸ்டி4, மேக்கின் ஏபிஎஃப்எஸ் என்ற டிஸ்க் வடிவங்கள் எல்லாம் நேரத்தை உலகப் பொது நேரத்தில் வைத்துக்கொண்டு, காட்டும்போது மட்டும் நம்மூர் நேரமாக மாற்றுகின்றன. ஃபேட்32 கடிகாரத்தில் பார்த்த நேரத்தை அப்படியே எழுதிவிடும். அது எந்த ஊர் நேரம் என்ற குறிப்பே இருக்காது. காசிமேட்டில் சாயங்காலம் 7.10க்கு எடுத்த படம் கார்டில் 7.10 என்று இருக்கிறது என்று வையுங்கள். டைம் ஜோன் அமைக்காத லினக்ஸ் லைவ் யூஎஸ்பியில் (இன்ஸ்டால் செய்யாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்) கம்ப்யூட்டரைத் திறந்து அந்தக் கார்டைக் காப்பி செய்தால், அது உலகப் பொது நேரம் 7.10 என்று எடுத்துக்கொள்ளப்படும். பிறகு நம்மூர் நேரத்தில் பார்த்தால் நள்ளிரவு 12.40, அதுவும் மறுநாள். ஐந்தரை மணி நேரம் சரியாக முன்னே பின்னே இருக்கிற எந்தக் குழப்பத்தைக் கண்டாலும் முதலில் டைம் ஜோனைச் சந்தேகியுங்கள். காப்பி ஆரம்பிக்கும் முன் இரண்டு கம்ப்யூட்டரிலும் கொல்கத்தா நேரம் (இந்திய நேரம்) என்று இருக்கிறதா என்று பார்த்துவிடுவது ஒரு நிமிஷ வேலை.

சரி, பென்டிரைவ் வழியாகத்தான் போக வேண்டும் என்றால்? அப்போது ஃபைல்களைத் தனித்தனியாகப் போடாதீர்கள். துறைமுகத்தில் சரக்கை மூட்டை மூட்டையாக ஏற்றாமல் கன்டெய்னரில் அடைத்து சீல் வைத்து அனுப்புகிறார்கள் இல்லையா, அதே யோசனைதான். 'டார்' கட்டளை எல்லா ஃபைலையும் அவற்றின் தேதி, அனுமதி, உரிமையாளரோடு ஒரே ஃபைலாக அடைத்துவிடும். வெளியே இருக்கும் பென்டிரைவ் எந்த வடிவமானாலும் உள்ளே இருக்கும் விவரத்தை அது தொடாது.

லினக்ஸிலிருந்து லினக்ஸுக்கு என்றால் அடைக்கும்போது 'ஏசிஎல்ஸ்', 'எக்ஸ்ஆட்டர்ஸ்' என்ற இரண்டு சுவிட்சையும் சேருங்கள். சும்மா டார் போட்டால் அடிப்படை அனுமதியும் திருத்திய தேதியும் வரும், கூடுதல் அனுமதிப் பட்டியலும், ஃபைலோடு ஒட்டியிருக்கும் கூடுதல் குறிப்புகளும் வராது. பிரிக்கும்போதும் அதே சுவிட்சுகள் வேண்டும், ரூட்டாக (லினக்ஸில் முழு அதிகாரம் உள்ள பயனர்) இருந்து பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லா ஃபைலும் பிரிப்பவர் பெயருக்கு வந்துவிடும். விண்டோஸ் 10இன் 2018ஆம் வருஷப் பதிப்புகளிலிருந்து டார் கட்டளை விண்டோஸிலும் கூடவே வருகிறது.

ஸிப் போதாதா என்று கேட்பார்கள். கடைக் கணக்கு, படங்கள் மாதிரி வேலைக்குப் போதும். பழைய ஸிப் முறையும் இரண்டு விநாடிக் கணக்கில், ஊர் நேரத்தில்தான் எழுதும். புதிய மென்பொருள்கள் கூடுதல் புலத்தில் சரியான நேரத்தைச் சேர்க்கின்றன. ஆனால் லினக்ஸ் சர்வர் பேக்கப்புக்கு செவன்-ஸிப்பின் சொந்த வடிவத்தைத் தொடாதீர்கள். அதில் உரிமையாளரும் குழுவும் பதிவே ஆவதில்லை.

ஆன்லைன் டிரைவில் ஏற்றி இறக்குகிறவர்களுக்கும் இதே புத்திமதி. பிரௌசர் வழியாக இறக்கிய ஃபைலுக்கு இறக்கிய நேரம்தான் தேதி. அடைத்து ஏற்றுங்கள்.

படி 4: விண்டோஸிலிருந்து விண்டோஸுக்கு

எக்ஸ்ப்ளோரரை மூடிவிட்டு 'ரோபோகாப்பி' என்ற காப்பிக் கட்டளைக்கு வாருங்கள். விஸ்டாவிலிருந்து விண்டோஸோடு இலவசமாகவே வருகிறது. மூல ஃபோல்டர், இலக்கு ஃபோல்டர், அப்புறம் சுவிட்சுகள். உள் ஃபோல்டர்களையும் சேர்க்க 'இ'. ஃபைலுக்கு 'காப்பி' என்ற சுவிட்சில் கோலன் போட்டு டேட்டா, அட்ரிபியூட், டைம் மூன்றின் ஆங்கில முதலெழுத்துகள். இது கேட்காமலேயே வருவதுதான். கேட்டு வாங்க வேண்டியது ஃபோல்டர் தேதி. அதற்கு 'டிகாப்பி' சுவிட்சிலும் அதே மூன்று எழுத்துகளைப் போடுங்கள். போடாவிட்டால் ஃபைல் தேதி எல்லாம் சரியாக இருக்க, ஃபோல்டர்கள் மட்டும் இன்றைக்குப் பிறந்தவையாக நிற்கும்.

'காப்பிஆல்' என்று ஒரு சுவிட்ச் உண்டு. உரிமைப் பட்டியல், உரிமையாளர், தணிக்கைக் குறிப்பு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும். பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரே டொமைனில் (பயனர் கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் நெட்வொர்க்) இருக்கும் கம்பெனி கம்ப்யூட்டர்களுக்குத்தான் அது பயன். தனித்தனிக் கம்ப்யூட்டர் என்றால் பழைய கம்ப்யூட்டரின் பயனர் எண் புதியதற்கு அறிமுகமே இல்லாதவர்; ப்ராப்பர்ட்டீஸில் நீளமான எண் ஒன்று நிற்கும், நீங்களே உங்கள் ஃபைலைத் திறக்க அனுமதி கேட்டு நிற்பீர்கள். கடைக்காரர்களுக்கு அந்த மூன்று எழுத்து போதும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, 'மிர்' சுவிட்ச். இலக்கில் கூடுதலாக இருப்பதை எல்லாம் அழித்து மூலத்தைப் போலவே ஆக்கும். மூலமும் இலக்கும் இடம் மாறி டைப் ஆனால் கதை முடிந்தது. முதல் காப்பிக்கு அது தேவையே இல்லை. இரண்டு, ஒரு ஃபைல் திறந்திருந்து படிக்க முடியாமல் போனால் ரோபோகாப்பி தானாகப் பத்து லட்சம் தடவை முயலும், ஒவ்வொன்றுக்கும் நடுவே 30 விநாடி காத்திருக்கும். கணக்குப் போட்டால் ஒரே ஃபைலுக்காக ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. 'ஆர்' கோலன் 1, 'டபிள்யூ' கோலன் 1 என்று போட்டு அடக்கி வையுங்கள்.

இலக்கு ஃபேட்32 டிஸ்க் என்றால் 'ஃபேட் ஃபைல் டைம்ஸ்' என்பதன் முதலெழுத்துச் சுவிட்சையும் சேருங்கள். இரண்டு விநாடி வித்தியாசத்தை அது கண்டுகொள்ளாது. இல்லாவிட்டால் இரண்டாவது தடவை ஓட்டும்போது ஒன்றும் மாறாத ஃபைல்களைத் திரும்பக் காப்பி செய்துகொண்டிருக்கும். நிஜமாக ஓட்டும் முன் 'எல்' சுவிட்சில் ஒத்திகை பார்க்கலாம். முடிவு எண் 8க்குக் குறைவாக வந்தால் பயப்பட ஒன்றுமில்லை, 1 என்றால் நல்லபடியாகக் காப்பி ஆனது என்றே அர்த்தம்.

படி 5: லினக்ஸிலிருந்து லினக்ஸுக்கு

இங்கே ராஜா 'ஆர்சிங்க்' என்ற காப்பிக் கட்டளை. 1996இல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜலும் பால் மெக்கரஸும் எழுதியது, இன்றும் இதற்கு நிகரில்லை. சிறிய ஏ சுவிட்ச் உள் ஃபோல்டர், சிம்பாலிக் லிங்க், அனுமதி, நேரம், குழு, உரிமையாளர், டிவைஸ் ஃபைல் ஏழையும் பார்த்துக்கொள்ளும். ஆர்கைவ் என்று பெயர் இருப்பதால் எல்லாம் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். ஹார்டு லிங்குக்கு (ஒரே ஃபைலுக்குப் பல பெயர்) பெரிய எச், கூடுதல் அனுமதிப் பட்டியலுக்குப் பெரிய ஏ, கூடுதல் குறிப்புகளுக்குப் பெரிய எக்ஸ் தனியாகக் கேட்க வேண்டும். ஹார்டு லிங்கை விட்டால் ஒரே ஃபைல் பல இடத்தில் தெரிவது பல ஃபைலாகப் பெருகி டிஸ்க் நிரம்பும்.

உரிமையாளர் விஷயத்தில் ஒரு நுணுக்கம். லினக்ஸ் டிஸ்கில் எழுதி வைப்பது பெயரை இல்லை, எண்ணை. உபுண்டுவில் முதலில் உருவாக்கும் பயனருக்கு எண் 1000. பழைய மிஷினில் 1000 நீங்கள், புதிய மிஷினில் 1000 உங்கள் தம்பி என்றால், நீங்கள் பத்திரமாகக் கொண்டுவந்த ஃபைல் தம்பியுடையதாகிவிடும். ஆர்சிங்க் இயல்பாகப் பெயரைப் பொருத்திப் பார்க்கும், பெயர் இல்லாவிட்டால்தான் எண். முழு சிஸ்டத்தையும் அப்படியே பேக்கப் எடுப்பவர்கள் மட்டும் 'நியூமெரிக் ஐடிஸ்' சுவிட்சைப் போடுங்கள். ஃபைலை வாங்கும் பக்கத்தில் ரூட் அதிகாரம் இல்லாவிட்டால் உரிமையாளர் மாற்றம் நடக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். பேக்கப் சர்வரில் ரூட் தர மாட்டேன் என்கிறார்களா? அந்தப் பக்கத்தில் 'ஃபேக் சூப்பர்' சுவிட்ச் போட்டால் உரிமையாளர் விவரத்தை ஃபைலின் கூடுதல் குறிப்பாக எழுதி வைத்து, திரும்ப எடுக்கும்போது அதிலிருந்து மீட்டுக் கொடுக்கும்.

மூல ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் சாய்கோடு இருந்தால் உள்ளே இருப்பது மட்டும் போகும், இல்லாவிட்டால் ஃபோல்டரே போகும். சிறிய என் சுவிட்ச் ஒத்திகை. ஒரே மிஷினுக்குள் என்றால் 'சிபி' கட்டளைக்குச் சிறிய ஏ. நெட்வொர்க் வழியாகக் காப்பி செய்யும் 'எஸ்சிபி'க்குச் சிறிய பி, அதில் நேரமும் அனுமதியும் வரும், உரிமையாளர் வராது.

படி 6: விண்டோஸும் லினக்ஸும் கலந்த இடம்

திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கம் சின்ன ஆபீஸ்களில் இப்போது இதுதான் அதிகம்: மேஜையில் விண்டோஸ், மூலையில் லினக்ஸில் ஓடும் ஒரு நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் எல்லோரும் பகிரும் டிஸ்க்). இங்கே நான் சொல்வது, லினக்ஸ் ஃபோல்டரை விண்டோஸுக்குப் பகிர்ந்து தரும் சாம்பா வழியாகப் போங்கள் என்றுதான். நாஸில் 'ஸ்டோர் டாஸ் அட்ரிபியூட்ஸ்' என்ற அமைப்பு ஆன் ஆகியிருந்தால், ஹிடன், ரீட்-ஒன்லி கொடிகளையும் விண்டோஸின் உருவான தேதியையும்கூட லினக்ஸ் ஃபைலின் கூடுதல் குறிப்பில் மறைவாக எழுதி வைக்கும். விண்டோஸிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும்.

சிக்கல் அடுத்த வருஷம் வரும். அந்த நாஸிலிருந்து வேறொரு நாஸுக்கு யாரோ ஆர்சிங்க் போடுவார், பெரிய எக்ஸ் போட மறப்பார். கூடுதல் குறிப்பு அங்கேயே நின்றுவிடும், உருவான தேதியும் கொடிகளும் காற்றில் போகும். திருத்திய தேதி வந்துவிட்டதால் யாரும் உடனே கவனிக்கவும் மாட்டார்கள்.

விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் வசதி) போட்டு அங்கிருந்து நேரடியாக ஆர்சிங்க் ஓட்டுபவர்களுக்கு: டபிள்யூஎஸ்எல் கண்ணுக்கு சி டிரைவில் உள்ள எல்லா ஃபைலும் வழக்கமாக 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) ஆகத்தான் தெரியும். அதை அப்படியே லினக்ஸுக்கு அனுப்பினால் எக்செல் ஃபைலும் இயக்கக்கூடிய புரோகிராம் ஆகிவிடும், எவர் வேண்டுமானாலும் திருத்தலாம். 'சிஎச்மாட்' சுவிட்சில் ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644 என்று கொடுத்து அனுப்புங்கள். எஸ்எஸ்எச் சாவி ஃபைல் (வேறு கம்ப்யூட்டருக்குள் நெட்வொர்க் வழியாக நுழைய உதவுவது) மட்டும் இதிலும் சேராது. 600 வைக்காவிட்டால் அனுமதி அகலமாக இருக்கிறது என்று சொல்லி எஸ்எஸ்எச் அந்தச் சாவியைத் தொடவே தொடாது.

மேக்

மேக்கில் ஃபைலோடு வண்ணக் குறி, இணையத்திலிருந்து வந்தது என்ற எச்சரிக்கை போன்றவை ஒட்டிக்கொண்டிருக்கும். எக்ஸ்ஃபேட் பென்டிரைவில் போட்டால் அவற்றுக்கு இடமில்லாததால், புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வைத்த குட்டி ஃபைல் ஒன்றை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எழுதி வைக்கும். விண்டோஸில் திறந்து பார்ப்பவர்கள் வைரஸ் என்று அலறுவது இதைப் பார்த்துத்தான். மேக்குக்கே திரும்பிப் போகும் ஃபைல் என்றால் அவற்றை அழிக்கக் கூடாது, வண்ணக் குறி அதில்தான் இருக்கிறது. ஒரேயடியாக விண்டோஸுக்கு மாறுகிறீர்கள் என்றால் தாராளமாக அழிக்கலாம். மேக்குக்கும் மேக்குக்கும் நடுவே 'டிட்டோ' கட்டளை எல்லாவற்றையும் காப்பாற்றும். மேக்கில் முதல் பயனர் எண் 501; அங்கே அடைத்த டாரை லினக்ஸில் ரூட்டாகப் பிரித்தால் உரிமையாளர் இடத்தில் 501 என்று வெறும் எண் நிற்பது அதனால்தான். உரிமையாளரை மாற்றும் 'சிஎச்ஓன்' கட்டளையை ஒரு தடவை ஓட்டினால் சரியாகிவிடும்.

படி 7: தமிழ்ப் பெயர்கள்

ஆங்கில வழிகாட்டிகளில் இது இருக்காது, நமக்கு அவசியம். ஈஎக்ஸ்டி4இல் ஒரு பெயருக்கு 255 பைட்தான். யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். 'கோயில்' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்குக் க, ஓகாரக் குறி, ய, இகரக் குறி, ல, புள்ளி என்று ஆறு குறியீடு, பதினெட்டு பைட். ஆக 85 குறியீடு, நம் கணக்கில் ஏறத்தாழ 45, 50 எழுத்தோடு கதவு மூடிவிடும். என்டிஎஃப்எஸ்ஸில் 255 குறியீடு வரை இடம் உண்டு. விண்டோஸில் ஆசை ஆசையாக "ராயபுரம் மண்டபம் மாலை வரவேற்பு மாப்பிள்ளை வீட்டார் உறவினர்களோடு எடுத்த குடும்பப் படம் திருத்தியது" என்று வைத்த பெயர் லினக்ஸில் நீளம் அதிகம் என்று நின்றுவிடும். முன்கூட்டியே சுருக்குங்கள்.

இன்னொரு விஷமம் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளில் இருக்கிறது. 'கோ'வின் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் கால் குறியுமாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். பழைய மேக்குகளின் எச்எஃப்எஸ் பிளஸ் வடிவ டிஸ்க் பெயர்களைப் பிரித்துத்தான் வைக்கும். விண்டோஸிலும் லினக்ஸிலும் நாம் டைப் செய்வது பொதுவாகச் சேர்ந்த வடிவம். லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு பெயர். ஒரே ஃபோல்டரில் 'கோயில்' இரண்டு வந்து நிற்கும், தேடினால் ஒன்றுதான் கிடைக்கும். பழைய மேக்கிலிருந்து எடுக்கும்போது ஆர்சிங்க்கின் 'ஐகான்வ்' சுவிட்சில் மேக் வடிவத்திலிருந்து யூடிஎஃப்-8க்கு என்று சொல்லுங்கள். ஏற்கெனவே வந்துவிட்டால் 'கான்வ்எம்வி' என்ற கருவியின் 'என்எஃப்சி' சுவிட்ச் எல்லாப் பெயரையும் சேர்ந்த வடிவத்துக்குக் கொண்டுவரும்.

கேள்விக்குறி, கோலன், நட்சத்திரம் உள்ள லினக்ஸ் பெயர்களை விண்டோஸ் ஏற்காது. பெரிய எழுத்து, சின்ன எழுத்தில் மட்டும் வேறுபடும் இரண்டு ஆங்கிலப் பெயர் இருந்தால் விண்டோஸில் ஒன்றின் மேல் ஒன்று விழும்.

படி 8: சரிபார்ப்பு

படி 2இன் பட்டியலை இலக்கிலும் எடுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். ஃபைல் எண்ணிக்கை, மொத்த அளவு, பிறகு தேதி. உள்ளடக்கத்துக்கு லினக்ஸில் 'ஷா256சம்', விண்டோஸில் 'கெட்-ஃபைல்ஹாஷ்'. இவை தருவது ஹாஷ், அதாவது ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரியான ஒரு எண். ஹாஷ் உள்ளே இருப்பதை மட்டும்தான் பார்க்கும், தேதி மாறினாலும் அனுமதி மாறினாலும் ஹாஷ் மாறாது. இதைப் புரிந்துகொள்ளாமல் ஹாஷ் பொருந்தியது, எல்லாம் சரி என்று பழைய டிஸ்கை ஃபார்மட் செய்கிறவர்கள் உண்டு.

வழக்கு, நஷ்டஈடு என்று போகக்கூடிய படங்களுக்கு இது கூடுதலாக முக்கியம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழில் ஹாஷ் மதிப்பைக் குறிக்க இடம் இருக்கிறது. காப்பிக்கு முன்பே ஹாஷ் எடுத்து வையுங்கள், எடுத்த கார்டையும் ஃபோனையும் தொடாமல் வையுங்கள்.

ஏற்கெனவே தேதி போயிருந்தால்

படங்கள் என்றால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். எடுத்த நேரத்தைக் கேமரா படத்துக்கு உள்ளேயே எக்ஸிஃப் பகுதியில் எழுதிவிடும். அது உள்ளடக்கத்தின் பகுதி, காப்பியில் போகாது. 'எக்ஸிஃப்டூல்' என்ற இலவசக் கருவியில், திருத்திய தேதியை உள்ளே இருக்கும் எடுத்த தேதியிலிருந்து நிரப்பு என்று ஒரே கட்டளையில் ஃபோல்டர் முழுவதும் சரிசெய்யலாம். விண்டோஸில் உருவான தேதியையும் அதே மாதிரி நிரப்பலாம். கேமரா எழுதும் அந்த நேரத்தில் பல சமயம் டைம் ஜோன் இருக்காது, ஆகவே கம்ப்யூட்டர் நம்மூர் நேரத்தில் இருக்கும்போது ஓட்டுங்கள். கேமரா கடிகாரமே தப்பாக இருந்த படங்களுக்கு எல்லா நேரத்தையும் ஒரே அளவு நகர்த்தும் வசதியும் அதில் உண்டு.

மற்ற ஃபைல்களுக்கு உங்கள் பழைய பட்டியல் இருந்தால் 'டச்' கட்டளையாலோ பவர்ஷெல்லாலோ வரி வரியாகத் திருப்பி எழுதலாம். பட்டியல் இல்லை என்றால் வேர்டு, எக்செல், பிடிஎஃப் ஃபைல்களுக்கு உள்ளேயும் உருவாக்கிய நேரம் பல சமயம் இருக்கும், அதையும் எக்ஸிஃப்டூல் படிக்கும்.

வாட்ஸ்அப்பில் படமாக வந்தவைதான் கஷ்டம். எக்ஸிஃப் பகுதி அங்கேயே உரிக்கப்பட்டுவிடும். பெயரில் இருக்கும் எட்டு இலக்கத் தேதி ஃபோனில் வந்து சேர்ந்த நாளைச் சொல்லும், எடுத்த நாளை அல்ல. எண்ணூரிலோ காசிமேட்டிலோ யாராவது உங்களுக்கு முக்கியமான படம் அனுப்பியிருந்தால், எடுத்த ஃபோனிலிருந்தே மறுபடி, இந்தத் தடவை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் கையில் வரும் ஃபைலின் வெளித் தேதி இன்றைக்கு இருந்தாலும் உள்ளே எடுத்த தேதி இருக்கும்.